தினமும் நடக்கிறோம், சரி. தரையிலிருந்து எழ முடிகிறதா?

போன வருஷம் ஒரு நாள் ராத்திரி தலைவலி மாத்திரை ஒன்று கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டு போய்விட்டது. முட்டி போட்டுக் குனிந்து, கையை உள்ளே விட்டுத் துழாவி எடுத்துவிட்டேன். எழுந்திருக்கப் பார்த்தால் முடியவில்லை. வலி கிடையாது, கிறுகிறுப்பு கிடையாது, தொடையில் தெம்பு இல்லை, அவ்வளவுதான். ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து, இன்னொரு கையை முழங்கால்மேல் ஊன்றி அழுத்தித்தான் எழுந்தேன். அப்போது எனக்கு வயது 56. ஒன்பது வருஷமாகத் தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறவன். எடை கூடவில்லை, சர்க்கரை சரி, ரத்த அழுத்தம் சரி. ரிப்போர்ட்டில் எல்லாம் நன்றாக இருக்கிற ஒருவனால் தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால், எதையோ கவனிக்காமல் விட்டிருக்கிறேன் என்றுதானே அர்த்தம்.

"வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் வீட்டில். நானும் அப்படியே விட்டிருப்பேன். அடுத்த இரண்டு மாதத்தில் அப்பாவுக்கு நடந்ததைப் பார்த்த பிறகுதான் விட முடியவில்லை.

அப்பாவுக்கு 81. நிமோனியா வந்து பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். போகும்போது தானே நடந்து வந்து வண்டியில் ஏறினார். மருந்து கேட்டது, காய்ச்சல் இறங்கியது, நெஞ்சுச் சளி கரைந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்த மனிதரால் கட்டிலிலிருந்து எழுந்து கழிவறை வரை போக முடியவில்லை. போர்வையை விலக்கினால் தொடை வற்றி, தோல் மட்டும் தளர்ந்து மடிந்து கிடந்தது. பன்னிரண்டே நாள்.

அதற்கு மேல் நாங்கள் செய்ததுதான் பெரிய தப்பு. பாசத்தைக் கொட்டினோம். தண்ணீர் கட்டிலுக்கு வந்தது, சாப்பாடு கட்டிலுக்கு வந்தது, எழப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஆள் ஓடிப் போய்த் தூக்கினோம். "அப்பா நீங்க உக்காருங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. மூன்றாவது வாரம் வந்த பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். அரை மணி நேரம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்: "சார், ஐயாவுக்கு நோய் போயிடுச்சு. இப்ப அவரைப் படுக்க வெச்சிருக்கறது நீங்கதான்."

அந்த வார்த்தை சுட்டது. ஆனால் உண்மை. அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். 2007இல் வெளியான ஓர் ஆய்வில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த, சராசரியாக 67 வயதுள்ளவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் சொல்லி அளந்து பார்த்திருக்கிறார்கள். பத்து நாளில் கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போய்விட்டது. அவர்களுக்குக் காய்ச்சல்கூட இல்லை, சும்மா படுத்திருந்ததற்கே அப்படி. இன்னொன்று, 1966இல் டல்லாஸில் நடந்தது. இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். முப்பது வருஷ முதுமை அவர்கள் உடலின் உழைக்கும் திறனைக் குறைத்ததைவிட, அன்றைய மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வயதின் தலையில் நாம் போடுகிற பழியில் எவ்வளவு பங்கு சும்மா உட்கார்ந்திருந்ததுக்குச் சேர வேண்டியது என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான்தான் நடக்கிறவனாயிற்றே, எனக்கு ஏன் இப்படி?

முப்பது வயதுக்கு மேல் ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் தசை சுமார் 3 முதல் 8 சதவீதம் குறைந்துகொண்டே வரும், அறுபதுக்கு மேல் வேகம் கூடும் என்பது பொதுவான கணக்கு. இதற்கு 1989இல்தான் இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் சார்கோபீனியா என்று ஒரு பெயரே வைத்தார், சதைக் குறைவு என்று பொருள். இதில் ஏமாற்றுவது எடைதான். தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும், எடை மெஷின் அதே எண்ணைக் காட்டும், நாமும் "இருபது வருஷமா ஒரே எடை" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்போம். நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம், எல்லாத் தசைநாரும் ஒரே மாதிரி தேய்வதில்லை. மெதுவாக, நெடுநேரம் உழைக்கும் நார்கள் ஒரு வகை. சட்டென்று பலத்தைக் காட்டும் வேக நார்கள் இன்னொரு வகை. நடக்கும்போது பெரும்பாலும் முதல் வகைதான் வேலை செய்கிறது. வயதாக ஆக அதிகம் சுருங்குவது இரண்டாவது வகை. தரையிலிருந்து எழ, படியில் உடம்பைத் தூக்க, முக்கியமாகக் கால் இடறும்போது அந்த அரை நொடியில் அடுத்த காலை முன்னே வைத்து விழாமல் நிற்க, இந்த வேக நார்கள்தான் வேண்டும். உலகத்தில் வருஷத்துக்கு 6,84,000 பேர் கீழே விழுந்து சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதில் மிக அதிகம் அறுபது தாண்டியவர்கள். வயதானவர் விழுந்தார் என்று கேள்விப்பட்டால் தரை வழுக்கியதா, வெளிச்சம் இல்லையா என்றுதான் கேட்கிறோம். அவர் தொடையில் பிடித்து நிறுத்தும் பலம் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே நடைப்பயிற்சியை நிறுத்துங்கள் என்று சொல்ல வரவில்லை. இதயத்துக்கு, நுரையீரலுக்கு, மனசுக்கு அது வேண்டும், நானும் விடவில்லை. ஆனால் "டெய்லி வாக்கிங் போறேன், போதும்" என்று நிம்மதியாக இருப்பவர்களிடம்தான் இதைச் சொல்கிறேன். போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலைப் படித்தால் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்பதோடு, தசையை வலுவாக்கும் பயிற்சி வாரம் இரண்டு நாளாவது, 65 தாண்டியவர்களுக்கு உடம்பின் சமநிலைக்கான பயிற்சி வாரம் மூன்று நாளாவது என்று தெளிவாக இருக்கிறது. எல்லாரும் முதல் வரியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

சரி, நான் செய்வதைச் சொல்கிறேன். ஜிம்முக்குப் போகவில்லை, ஒரு நாற்காலியில் தொடங்கினேன். அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் நானும் செய்தேன். கை வைக்காத நாற்காலி, பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், நகரக் கூடாது. சீட்டின் முன் பாதியில் உட்கார வேண்டும், உள்ளே சாய்ந்து உட்கார்ந்தால் எழ வராது. பாதத்தை முழங்காலுக்குச் சற்றே பின்னால் இழுத்து வைத்து, கைகளை மார்பின் மேல் குறுக்கே கட்டிக்கொண்டு, மூக்கு கால் விரல்களுக்கு நேராக வரும் அளவு முன்னால் சாய்ந்து, மூச்சை வெளியே விட்டபடி எழ வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, ரத்த அழுத்தம் ஏறும். எழுவதைவிட உட்காருவதில்தான் விஷயம் இருக்கிறது. நாம் எல்லாரும் பாதி தூரம் வந்ததும் தொப்பென்று விழுந்துதான் உட்காருகிறோம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே இறங்கிப் பாருங்கள், கடைசி நாலு விரற்கடையில் தொடை நடுங்குவது தெரியும். நடுங்குகிற அந்த இடம்தான் நமக்கு வேலை வைக்கிற இடம். முதல் நாள் என்னால் ஒழுங்காக ஏழு முறைதான் முடிந்தது. அப்பாவால் ஒன்றுகூட முடியவில்லை. நாற்காலியில் இரண்டு தலையணையைப் போட்டு உயர்த்தினோம், அதிலிருந்து மூன்று முறை எழுந்தார். சில வாரம் கழித்து ஒரு தலையணையை எடுத்தோம்.

பதினைந்து முறை சுலபமாக வந்ததும் அதையே ஐம்பது முறை செய்து பிரயோஜனமில்லை, சுமையைக் கூட்ட வேண்டும். தண்ணீர் பாட்டில்களைப் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன், அப்புறம் ஒரு ஜோடி டம்பெல் வாங்கினேன். தசைக்குப் பழகிப்போன வேலை கொடுத்தால் அது வளர வேண்டிய அவசியமே இல்லை. அதே சமயம் அவசரமும் கூடாது. தசை பழகுகிற வேகத்துக்கு, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களும் மூட்டும் பழகாது. இரண்டாவது மாதம் நான் ஆசைப்பட்டு எடையைக் கூட்டி, முழங்காலுக்குக் கீழே மூன்று வாரம் வலியோடு இருந்தேன். தசையில் வருகிற சோர்வும் மூட்டில் குத்துகிற வலியும் வேறு வேறு. இரண்டாவது வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். இதய நோய், எலும்புத் தேய்மானம் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.

"இந்த வயசுல தசை எங்க வளரப் போகுது" என்பவர்களுக்கு 1990இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்ல ஆசை. முதியோர் இல்லத்தில் தளர்ந்து போயிருந்த பத்துப் பேர், வயது 86 முதல் 96 வரை. எட்டு வாரம் கால்களுக்கு நல்ல கனமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடிவில் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது, தொடைத் தசையின் அளவு 9 சதவீதம் கூடியிருந்தது. தொண்ணூறில்! நூற்றிரண்டு வயதில் ஒரு மணி நேரத்தில் 26.9 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டிய பிரான்ஸ்காரர் ரொபேர் மர்ஷானைப் பற்றி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். நல்லதுதான், ஆனால் அவரைப் பார்த்தால் "அவர் பிறவி அப்படி" என்று நாம் ஒதுங்கிக்கொள்ள வசதியாக இருக்கிறது. அந்த முதியோர் இல்லத்துப் பத்துப் பேரைப் பார்த்து அப்படி ஒதுங்க முடியாது.

புரதம் பற்றி ஒரு வார்த்தை. வயதானால் பசி குறைகிறது, நாமும் "லைட்டா சாப்பிடுங்க" என்கிறோம், முதலில் குறைவது புரதம்தான். சிறுநீரகம் நன்றாக இருக்கிற முதியவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தினமும் வேண்டும் என்பது முதுமை மருத்துவர்கள் சொல்லும் அளவு. தூள் டப்பாக்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "நான் நாள் முழுக்க வீட்டு வேலை பார்க்கிறேன், எனக்கெதுக்கு எக்சர்சைஸ்" என்று என் மனைவி கேட்டாள். களைப்பு உண்மை, மறுக்கவே முடியாது. ஆனால் அதே வேலையை அதே அளவில் முப்பது வருஷம் செய்த உடம்பு களைக்கும், வலுவாகாது. மாதவிடாய் நின்ற பிறகு முதல் ஐந்தாறு வருஷத்தில் எலும்பு வேகமாகக் கரைகிறது, எலும்பு கேட்பதும் சுமையைத்தான். இதில் அவளுக்கு நான் அறிவுரை சொல்லிப் பயனில்லை என்று சீக்கிரமே புரிந்தது. அவளுக்கு வேண்டியது வாரத்தில் இரண்டு நாள், யாரும் எதற்கும் கூப்பிடாத நாற்பது நிமிடம். அந்த நேரத்தில் அடுப்படியை நான் பார்த்துக்கொள்கிறேன். இதைச் செய்யாமல் வீட்டுப் பெண்களிடம் உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்வதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களிடமிருந்து வேலையைப் பிடுங்காதீர்கள், தயவுசெய்து. பக்கத்தில் நில்லுங்கள், கழிவறையில் கைப்பிடி போடுங்கள், வழியில் கிடக்கும் வயரை எடுங்கள். எழுந்து போய்த் தண்ணீர் எடுப்பதை மட்டும் அவர்களே செய்யட்டும்.

அப்பா இப்போது தலையணை இல்லாமல் ஒரு மூச்சில் ஒன்பது முறை எழுந்து உட்காருகிறார். எண்ணுவது நான்தான். நேற்று எட்டோடு நிறுத்திவிட்டு மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தார். பழக்கத்தில் கையை நீட்டப் போனேன். "இரு, இன்னொண்ணு இருக்கு" என்றார்.