தொள்ளாயிரத்தால் வகுத்த கதை

இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எத்தனை கிலோமீட்டர் என்று பார், விமானம் மணிக்குப் போகும் தொள்ளாயிரம் கிலோமீட்டரால் வகு, பயண நேரம் வந்துவிடும். பல வருஷம் நானும் இப்படித்தான் கணக்குப் போட்டேன். ஊர்ப் பெயர்களைத் தட்டினால் தூரமும் நேரமும் காட்டும் பல தளங்கள் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். என்னைக் கேட்டால், அந்த நேரத்தை நம்பி எதையும் முடிவு செய்யக்கூடாது.

சிங்கப்பூர்–நியூயார்க்கையே எடுத்துக்கொள்வோம். சுமார் 15,300 கி.மீ. வகுத்தால் 17 மணி நேரம். டிக்கெட்டில் 18 மணி நேரத்துக்கும் மேல் போட்டிருக்கும். டிக்கெட் நேரம் என்பது ஒரு கேட்டை விட்டு நகர்வதிலிருந்து இன்னொரு கேட்டில் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதில் சேர்த்தி. தாமதம் என்று பெயர் வரக்கூடாதென்று கம்பெனிகள் கொஞ்சம் கூட்டியும் போட்டுக்கொள்கின்றன. (முன்கூட்டியே வந்துவிட்டோம் என்று பெருமையாக அறிவிக்கிறார்களே, அதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.)

வழியும் நாம் நினைக்கிற வழியில்லை. உலக உருண்டையில் இந்த இரண்டு ஊருக்கும் நூல் பிடித்தால், நூல் வடதுருவத்தை உரசிக்கொண்டு போகும். ஆனால் நியூயார்க் போகும்போது பல நாட்களில் விமானம் பசிபிக் மேலே சுற்றுவழியாகத்தான் போகிறது. அங்கே பின்னாலிருந்து தள்ளிவிடக் காற்று இருக்கிறது. தூரம் கூடினாலும் நேரத்தில் நஷ்டமில்லை.

இந்தக் காற்றுதான் ஆட்டத்தின் பெரிய கை. மேற்கிலிருந்து கிழக்காக உயரத்தில் ஓடும் ஜெட் ஸ்ட்ரீம். லண்டனிலிருந்து நியூயார்க் போக எட்டு மணி நேரம் பிடித்தால், திரும்பி வர ஏழு போதும். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் தள்ளியதில், ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் லண்டனில் இறங்கிவிட்டது. சீட்டுக்கு முன்னால் இருக்கும் திரையில் நானே பார்த்திருக்கிறேன்: போகும்போது வேகம் மணிக்கு 790 கி.மீ., வரும்போது 1,080. அதே ரக விமானம்தான்.

அப்புறம் அரசியல். 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதும், ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரத்தைத் தொட்டது. தூரம் காட்டும் தளத்தில் ஒரு கிலோமீட்டர்கூட மாறியிருக்காது.

நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அடுத்த விமானத்துக்கு ஒரு மணி பத்து நிமிடம் இருக்கிறதே, போதும் என்று எடுத்தேன். எதிர்காற்றில் நாற்பது நிமிடம் போனது. மூச்சிரைக்க ஓடிப் போய் நின்றபோது கேட்டை மூடிவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நின்றுகொண்டுதான் இருந்தது.

இப்போதெல்லாம் தூரத்தைப் பார்ப்பதே இல்லை. விமானங்களின் நடமாட்டம் காட்டும் தளத்தில் அதே விமான எண் கடந்த பத்து நாளும் எத்தனை மணிக்கு இறங்கியது என்று பார்ப்பேன். அதில் மோசமான நாள் எதுவோ, அதை வைத்துத்தான் அடுத்த டிக்கெட்.