மெர்ஜ் என்னும் ஏழரை

"சின்ன மாற்றம்தான், மெயினில் மெர்ஜ் பண்ணிடுங்க" என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்பவர்களை என்ன செய்வது? கோடில் யார் என்ன மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கும் கிட் மென்பொருளில், மெயின்தான் எல்லோருக்கும் பொதுவான கிளை; தனிக் கிளையை அதில் சேர்ப்பதுதான் மெர்ஜ். மாதக்கணக்கில் அந்த மெயின் பக்கமே எட்டிப் பார்க்காத பிராஞ்ச் (தனிக் கிளை) அது!

திறந்தால் திரை முழுக்கக் கான்ஃப்ளிக்ட்: ஒரே இடத்தை இரண்டு பக்கமும் வேறு வேறாக மாற்றிய மோதல். மேலே இடப்பக்கம் பார்த்த அம்பு ஏழு, நடுவில் சமக்குறி ஏழு, கீழே வலப்பக்கம் பார்த்த அம்பு ஏழு. இரண்டு பாதிக்கும் என்ன வித்தியாசம்? மேற்கோள் குறி. யாரோ ஒரு புண்ணியவான் ஃபார்மேட்டரை (கோடின் தோற்றத்தை ஒழுங்காக்கும் கருவி) ஓடவிட்டு, ஒற்றைக் குறியையெல்லாம் இரட்டையாக்கியிருக்கிறார். ரொம்ப நன்றி ஐயா.

பேக்கேஜ் லாக் கோப்பு (வெளியிலிருந்து எடுத்த தொகுப்புகளின் பதிப்புகளைக் கருவியே எழுதிவைக்கும் பட்டியல்) தனிக் கொடுமை. மனுஷன் எழுதாத ஆயிரக்கணக்கான வரிகளில் எந்த ஹாஷ் (சரிபார்ப்புக் குறியீடு) சரி என்று மனுஷன் தீர்ப்பு சொல்லணுமாம். எந்தப் பக்கத்தை வைத்துக்கொள்வது என்பதிலும் குழப்பம்: மெர்ஜில் 'அவர்ஸ்' (நம்முடையது) என்றால் நான் நிற்கும் பிராஞ்ச்; ரீபேஸ் (என் மாற்றங்களை வேறொரு கிளையின் மேல் மறுபடி அடுக்குவது) செய்தால் என் கோடே 'தேர்ஸ்' (அவர்களுடையது) ஆகிவிடும். 2005-இல் வந்த கிட், இன்னும் நம்மை இப்படித்தான் சுற்றலில் விடுகிறது.

இதைவிட மோசம், சத்தமே இல்லாமல் சேர்வது. ஒருவர் ஃபங்ஷன் பெயரை மாற்றியிருப்பார். இன்னொருவர் வேறு கோப்பில் பழைய பெயரிலேயே புதிதாக அழைத்திருப்பார். கிட் வாயே திறக்காது. பில்ட் (கோடை ஓடும் நிரலாக்கும் வேலை) உடைந்ததும் யாரைத் தேடுவார்கள்? மெர்ஜ் பட்டனை அழுத்திய அப்பாவியைத்தான்!

சரி, எல்லாம் தீர்த்துப் புஷ் செய்தால் (பொது இடத்துக்கு அனுப்பினால்), முடியாது என்கிறது. அதற்குள் வேறு யாரோ மெயினில் எதையோ தள்ளிவிட்டாராம். எதை? ரீட்மீயில் (அறிமுகக் குறிப்புக் கோப்பில்) ஒரு எழுத்துப்பிழைத் திருத்தம்.