பத்தாவது வசனத்தையும் வாசியுங்கள்

கஷ்டத்தில் இருப்பவரிடம் "கர்த்தர் பெரியவர், கவலைப்படாதீர்கள்" என்று சொல்லிவிட்டு, அடுத்தவருக்கு ஸ்தோத்திரம் சொல்ல நகர்ந்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. கர்த்தருடைய மகத்துவத்தில் எனக்கும் சந்தேகம் கிடையாது. அதை வைத்து அடுத்தவர் வாயை அடைக்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த குடும்பங்கள் எங்கள் சபையிலும் உண்டு. 2015 வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்து, கடன்பட்டு வாங்கிப் போட்ட கட்டிலும் பீரோவும் மறுபடியும் நனைந்தன. அந்த மாதம், கர்த்தர் செய்த நன்மையைச் சபை முன் சொல்லும் சாட்சி நேரத்தில் எழுந்தவர்கள், "எங்கள் தெருவில் தண்ணீர் ஏறவில்லை, கர்த்தர் காத்தார்" என்றார்கள். தண்ணீர் ஏறிய வீட்டு அக்கா பின் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரை யார் கைவிட்டதாம்? (மழைநீரை வாங்கிக்கொள்ளும் சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நாம் கட்டிடம் கட்டித் தின்று தீர்த்ததற்குக் கர்த்தரை இழுப்பதும் நியாயமில்லை. அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.)

புது வருட ஆராதனையில், அந்த வருடத்துக்கான வாக்குறுதியாக ஒரு வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். எரேமியா 29:11 கிடைத்துவிட்டால் முகமெல்லாம் சிரிப்பு. சமாதானத்துக்கேதுவான நினைவுகள்! ஆனால் அது எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம். பத்தாவது வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது. ஐந்தாவது வசனம், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே கண் மூடியிருப்பார்கள். வாக்குத்தத்தம் அவர்களுக்கும் சேர்த்துத்தான். பத்தாவது வசனத்தை அச்சடித்த அட்டையை நான் இதுவரை பார்த்ததில்லை.

வேதத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் முதல் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்லவர்கள்தான். வாய் திறந்த பிறகு, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று பக்கம் பக்கமாகப் பிரசங்கம். யோபுவோ பிறந்த நாளையே சபித்தவன், வழக்காட வா என்று கர்த்தரையே அழைத்தவன். கடைசியில் பெருங்காற்றிலிருந்து, "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" என்று கர்த்தருடைய கேள்வி வருகிறது. துன்பத்துக்குக் காரணம் யோபுவுக்குச் சொல்லப்படவே இல்லை. ஆனாலும் கர்த்தருடைய கோபம் யார்மேல் மூண்டது? தனக்காக வக்காலத்து வாங்கிய எலிப்பாஸ்மேலும் அவனுடைய இரண்டு சிநேகிதர்மேலும். யோபு பேசியதுபோல் நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார்.

நான் நம்புகிற மகத்துவம் இதுதான். எவ்வளவு முறையிட்டாலும் அவர் சிறுத்துப்போவதில்லை. ஆறுதலாக ஒரு முடிவுகூட இல்லாத 88ஆம் சங்கீதத்தை வேதத்தில் இருக்க விட்டிருக்கிறார். சிலுவையில் இயேசுவே "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறினார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்காவது துணிவு உண்டா?

அடுத்த மழைக்காலத்துக்கு ஆயரிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். சாட்சி நேரத்தில் தண்ணீர் ஏறிய வீட்டார் முதலில் பேசட்டும், நடுவில் யாரும் அல்லேலூயா சொல்ல வேண்டாம். ஆராதனை முடிந்ததும் துடைப்பமும் பிளீச்சிங் பவுடருமாக வாலிபர் சங்கம் அந்த வீடுகளுக்குப் போகட்டும்.