1869 கால்பந்து வெற்றி டச்டவுனால் வந்ததல்ல

'உலகின் முதல் அமெரிக்கக் கால்பந்து சீசனில் ரட்கர்ஸ் கல்லூரி தோல்வியே காணவில்லை. முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஓடி, 6 புள்ளி டச்டவுன் அடித்து பிரின்ஸ்டனை 6-4 என வென்றது' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. டச்டவுன் என்றால் பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்ப்பது. ஆட்டத்தைப் பற்றி அந்தச் செய்தியில் சரியாக இருப்பது ரட்கர்ஸ் 6-4 என வென்றது மட்டும்தான்.

1869 நவம்பர் 6, நியூ ஜெர்சியின் நியூ பிரன்ஸ்விக். அணிக்கு 25 பேர். பந்து உருண்டை; கையில் தூக்கி ஓடவோ எறியவோ கூடாது. காலால் உதைக்கலாம், கையாலும் தலையாலும் தட்டிவிடலாம். கம்பங்களுக்கு நடுவே தள்ளினால் ஒரு கோல். மொத்தம் 10 கோல்கள் விழுந்தன, 6 ரட்கர்ஸுக்கு, 4 பிரின்ஸ்டனுக்கு. இன்றைய கண்ணுக்கு அது சாக்கருக்குத்தான், அதாவது நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்துக்குத்தான் நெருக்கம். டச்டவுனுக்கு 6 புள்ளி என்ற விதியே 1912-இல்தான் வந்தது. அணிக்கு 11 பேர் என்பது 1880-இல், முன்னோக்கி எறிவதற்கு அனுமதி 1906-இல். இன்றைய விதியை அன்றைய ஸ்கோரில் ஏற்றிப் படித்ததால் வந்த குழப்பம் இது.

'தோல்வியே இல்லை' என்பதும் தவறு. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 13 அன்று, பிரின்ஸ்டன் தன் மைதானத்தில் 8-0 என வென்றது. மூன்றாவது ஆட்டம் நடக்கவில்லை. சீசன் அவ்வளவுதான்: இரு அணிக்கும் ஒரு வெற்றி, ஒரு தோல்வி.

ரட்கர்ஸ் மாணவர் இதழான டார்கம் அந்த மாதமே முதல் ஆட்டத்தை விவரித்து எழுதியிருக்கிறது. சரிபார்க்க அதைப் பாருங்கள். அந்த வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.