மாத்திரைக்கான இரண்டு வாரத்தையும் சொல்லியிருக்கலாம்

சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகளில் வரும் கட்டிகளைச் சிறு துளைகள் வழியே அகற்றுவது பற்றி நான் படித்த கட்டுரை, தழும்பு சிறியது, வலி குறைவு, விரைவில் வீடு திரும்பலாம் என்பவற்றோடு நின்றுவிட்டது. குடியாத்தத்திலிருந்து என் அக்காவை வேலூருக்கு அழைத்துச் சென்றபோது நாங்கள் அறிந்தது வேறு. அவருடையது ஃபியோகுரோமோசைட்டோமா என்னும், அட்ரீனலின் போன்ற ஹார்மோன்களை அளவுமீறிச் சுரக்கும் கட்டி என்பதால், அதைத் தொட்டாலே இரத்த அழுத்தம் எகிறும் அபாயத்தைத் தவிர்க்க, ஏறத்தாழ இரண்டு வாரம் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் ஆல்பா தடுப்பு மாத்திரை கொடுத்து, நீரையும் உப்பையும் கூட்டச் சொல்லி, அதன் பிறகே அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். (உப்பைக் குறை என்றே கேட்டுப் பழகிய அக்காவுக்கு இது விந்தையாக இருந்தது.) ஆல்பா தடுப்புக்கு முன்பே இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பு மாத்திரையைத் தொடங்கினால் அழுத்தம் மேலும் ஏறக்கூடும் என்பதையும் கட்டுரை சொல்லவில்லை.

1992இல் அறுவை மருத்துவர் மிஷேல் காக்னே குழுவினர் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு பரவிய இந்தத் துளைவழி முறை, இன்று புற்றுநோய் ஐயமற்ற சிறிய கட்டிகளுக்கு வழக்கமாகிவிட்டது. முதுகுப்புறமாக நுழையும் வழியும் உண்டு. ஆனால் அட்ரீனல் புற்றுநோய் அருகிலுள்ள உறுப்புகளில் பரவியிருப்பதாக ஐயம் எழுந்தால், கட்டியின் உறை கிழிந்து நோய் வயிற்றுக்குள் சிதறாதிருக்க, திறந்த அறுவை சிகிச்சையையே மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். துளை போட்டுத்தான் செய்ய வேண்டும் என்று வற்புறுத்தும் உறவினர்களுக்காகவேனும் இதைச் சேர்த்து எழுதியிருக்கலாம்.