இருபதுக்கு மேல் போட்டுவிட்டால் பாடம் புரிந்துவிடுமா?

அந்த மதிப்பெண் பட்டியலை யார் படம் பிடித்தார்கள், யார் குழுக்களுக்கு அனுப்பினார்கள் என்று நான் விசாரிக்கப் போவதில்லை. பட்டியல் என்னுடையதுதான். முதலாம் ஆண்டு விலங்கியல், செல் உயிரியல் தாள், முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு. வகுப்பில் பாதிக்கு மேல் தேர்ச்சி இல்லை. ஆனால் அந்தப் படத்தில் சிவப்பு வட்டம் போட்டு, "இவங்களுக்குப் பிள்ளைங்க மேல என்ன கோபம்?" என்று எழுதினீர்களே, அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். நேற்றைய ஆசிரியர் கூட்டத்துக்குப் பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் சொன்னார்: "இன்டர்னல் நம்ம கையில இருக்கிற மார்க் மேடம். எல்லாருக்கும் இருபதுக்கு மேல போட்டுட்டா யாருக்கும் பிரச்சினை இல்லை."

யாருக்கும் பிரச்சினை இல்லையா? கணக்கைப் பார்ப்போம். எங்கள் தாளுக்கு உள்மதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. இரண்டும் சேர்த்து 40 வந்தால் தேர்ச்சி. ஆனால் அந்த 75-இல் தனியாக 30 எடுத்தே ஆக வேண்டும். நான் ஒரு மாணவிக்கு 24 போடுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் தேர்வில் அவள் 75-க்கு 20 எடுக்கிறாள். கூட்டினால் 44. இருந்தாலும் அரியர்தான். நான் அள்ளிப் போட்ட 24 அவளைக் காப்பாற்றவில்லை. அது போதாதென்று, தேர்வுக்கு முந்தைய நாள் வரை "இந்தப் பாடம் நமக்கு வருது" என்று அவளை நம்பவும் வைத்துவிட்டது. 25-க்கு 8 என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தால் படிக்க, கேட்க, சண்டை போட நேரம் இருந்திருக்கும். உள்மதிப்பீடு இருப்பதே அதற்காகத்தான். திருத்திக்கொள்ளக் காலம் இருக்கும்போதே உண்மையைச் சொல்ல நம்மிடம் வேறு எந்த வழியும் இல்லை. அதையும் பொய்யாக்கிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு உண்மையைச் சொல்வது யார்? ரிசல்ட் வருகிற அன்றைக்கு இணையதளம்தான் சொல்லும்.

அப்புறம் அந்த அரியர் முதலாம் ஆண்டோடு நிற்காது. முதல் செமஸ்டர் தாளை மூன்றாம் ஆண்டு வரை இழுத்துக்கொண்டு போகிறவர்களை நம் கல்லூரிகளில் யாரும் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் தேர்வுக் கட்டணம் கட்டுவது நாம் இல்லை, அவர்களுடைய அம்மா அப்பா. இருபதுக்கு மேல் போடச் சொல்கிறவர்கள் அந்தப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

கேள்வித்தாள் கடினமாம். என்ன கேட்டேன்? செல் சவ்வின் அமைப்பைக் கேட்டேன். கொழுப்புப் படலத்தில் புரதங்கள் மிதக்கின்றன என்று சிங்கரும் நிக்கல்சனும் 1972-இல் சொன்ன ஃபுளூயிட் மொசைக் மாடலைப் பலர் படத்தோடு அழகாக எழுதியிருந்தார்கள். முழு மதிப்பெண் கொடுத்தேன். ஐந்து மதிப்பெண்ணுக்கு இன்னொரு கேள்வி: உப்புத் தூவி வைத்த மாங்காய்த் துண்டு ஏன் தண்ணீர் விட்டுத் துவண்டுபோகிறது? இதற்குப் பெரும்பாலானவர்கள், செல் சவ்வு வழியாகத் தண்ணீர் இடம்பெயர்கிற ஆஸ்மாசிஸின் வரையறையை நோட்ஸில் இருந்தபடியே எழுதிவிட்டு நிறுத்திவிட்டார்கள். மாங்காயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வரையறைக்கு உரியதைக் கொடுத்தேன், எழுதாததற்குக் கொடுக்கவில்லை. ஒரு பையன் மட்டும் தமிழில் எழுதியிருந்தான்: "வெளியே உப்பு அதிகம், உள்ளே தண்ணீர் அதிகம், சவ்வு வழியாகத் தண்ணீர் வெளியே வந்துவிடும், செல் சுருங்கும், அதனால் துண்டு தொய்ந்துவிடும்." பாடத்தில் உள்ள பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. நாலு மதிப்பெண் போட்டேன், இன்னும் அரை போட்டிருக்கலாமா என்றுகூட யோசித்தேன். மற்ற கேள்விகளுக்கு அவன் சரியாக எழுதாததால் தேறவில்லை. ஆனால் அவனுக்குப் பாடம் எங்கே பிடிபட்டது, எங்கே விட்டுப்போனது என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். எல்லாருக்கும் 22 போட்டிருந்தால் இருவருக்கும் தெரிந்திருக்காது.

"மாங்காய் சிலபஸில் இல்லை" என்று எழுதியவருக்கு: ஆஸ்மாசிஸ் இருக்கிறது, தண்ணீர் இழந்து செல்லின் உட்பகுதி சுருங்குகிற பிளாஸ்மாலிசிஸ் இருக்கிறது. அவை நடக்கிற இடம் மாங்காய். இந்த வகுப்பிலிருந்து சிலர் ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு வேலைக்குப் போவார்கள். சிவப்பணுக்களை வெறும் தண்ணீரில் விட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து அவை உப்பி வெடித்துவிடும், அதனால்தான் 0.9 சதவீத உப்புக் கரைசலைப் பயன்படுத்துகிறோம் என்பது அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். சிலர் பி.எட். முடித்து ஆசிரியர் ஆவார்கள். புரியாமல் மனப்பாடம் செய்த வரையறையை அவர்கள் அடுத்த தலைமுறைக்கு மனப்பாடமாகவே கொடுப்பார்கள். இன்னும் சொல்லப்போனால் நம் பள்ளிகளில் இப்போதே அதுதான் நடக்கிறது, அதனால்தான் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை என் வகுப்பில் வந்து விழிக்கிறது.

சரி, நியாயமான கேள்வி ஒன்று இருக்கிறது. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள், வீட்டிலேயே முதல் பட்டதாரிகள், காலையில் பூக்கட்டிவிட்டு, இரவில் கடையில் நின்றுவிட்டு வருகிறவர்கள். அவர்களிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா? கேட்க வேண்டிய கேள்விதான். அதனால்தான் முதல் வாரத்திலேயே சொன்னேன், தமிழில் எழுதலாம், கலந்தும் எழுதலாம் என்று. ஆங்கில வழிப் படிப்பாக இருந்தாலும் தாய்மொழியில் தேர்வெழுத விடுங்கள் என்று பல்கலைக்கழகங்களைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியே 2023-இல் கேட்டுக்கொண்டது. சவ்வூடு பரவல் என்று எழுதினாலும் ஆஸ்மாசிஸ் என்று எழுதினாலும் எனக்கு ஒன்றுதான். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைத்ததில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு அசைன்மென்ட் தேதியைத் தள்ளிக் கொடுத்திருக்கிறேன். வழியில் எவ்வளவு வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கத் தயார். போய்ச் சேர வேண்டிய இடத்தை மட்டும் மாற்ற மாட்டேன்.

"வகுப்பே தேறவில்லை என்றால் ஆசிரியர்தானே தேறவில்லை?" இதைச் சொன்னவர்களில் இரண்டு பேர் என்னோடு ஒரே அறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். ஐந்து அலகில் ஒன்றரை அலகு முடிந்திருக்கும்போது வைத்த முதல் தேர்வை வைத்து என்னை மதிப்பிட்டுவிட்டார்கள். என் வகுப்பில் ஒரு நாள் வந்து உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வியை அவர்களிடமிருந்து ஏற்றுக்கொண்டிருப்பேன்.

அட்டெண்டன்ஸ் குறையும், அட்மிஷன் குறையும் என்கிற வாதத்துக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

நானும் தமிழ் வழியில் படித்து அரசுக் கல்லூரிக்குப் போனவள்தான். வெங்காய வேர் நுனியை அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, லேசாகச் சூடாக்கி, கண்ணாடி வில்லைக்கடியில் வைத்து நசுக்கிப் பார்க்கும் பரிசோதனை எல்லாருக்கும் நினைவிருக்கும். மைக்ராஸ்கோப்பில் எனக்குச் சிவப்புத் திட்டுகள்தான் தெரிந்தன. ரெக்கார்டு நோட்டில் புத்தகத்தில் இருந்தபடி மெட்டாஃபேஸ், அனாஃபேஸ் என்று செல் பிரிகிற கட்டங்களைக் கூர்மையான பென்சிலால் வரைந்துகொண்டு போனேன். எங்கள் மேடம் அதில் கையெழுத்துப் போடவில்லை. "இது புத்தகத்துப் படம். நீ பார்த்தது எங்கேம்மா?" என்று கேட்டுவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த அறையில் அவ்வளவு பேர் முன்னால் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று மாலை மற்றவர்கள் போன பிறகு, ஸ்லைடை எப்படி நசுக்குவது, எந்த இடத்தில் தேடுவது என்று பக்கத்தில் நின்று காட்டினார். கடைசியில் நான் வரைந்த படம் கோணல்மாணலாக இருந்தது. அதற்குத்தான் கையெழுத்துப் போட்டார். அன்று அவர் முதல் படத்துக்கே கையெழுத்துப் போட்டிருந்தால் நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பேன், ஒரு குரோமோசோமைக்கூடப் பார்க்காமல். அவருக்கு என் மேல் கோபமா இருந்தது? நான் பார்க்கக்கூடியவள் என்று எனக்கு முன்பே அவர் நம்பினார்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2010-இல் அறிவியல் துறை சாராத மாணவர்களுக்கு அறிமுக உயிரியல் நடத்திய டொமினிக் ஹோம்பர்கர் என்ற மூத்த பேராசிரியரை, கடுமையாக மதிப்பெண் போடுகிறார் என்று செமஸ்டர் நடுவிலேயே அந்த வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு கேள்விக்குப் பத்து விடைகள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது அவர் முறை, குத்துமதிப்பாக அடித்து மதிப்பெண் வாங்கக் கூடாது என்பதற்காக. அந்த முறையில் எனக்கு உடன்பாடு இல்லை, முதலாம் ஆண்டுப் பிள்ளையை அது மிரட்டிவிடும். ஆனால் ஒரு ஆசிரியர் போட்ட மதிப்பெண்ணுக்காக அவரை வகுப்பைவிட்டே வெளியேற்றலாமா என்பது வேறு கேள்வி. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கம் அதை விசாரித்தது. இதையும் அங்கே நடந்த இன்னொரு பேராசிரியர் விவகாரத்தையும் வைத்து 2012-இல் அந்தப் பல்கலைக்கழகத்தைக் கண்டித்தது. அங்கே கேட்பதற்கு ஒரு சங்கமாவது இருந்தது. நேற்றைய கூட்டத்தில் எனக்காக ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. வெளியே வந்த பிறகு, வராந்தாவில், "நீங்க சொல்றது சரிதான் மேடம்" என்று மெல்லச் சொன்னவர்கள் உண்டு. அந்த வார்த்தையை உள்ளே சொல்லியிருக்கலாம்.

எனக்கு உண்மையில் வலிப்பது மதிப்பெண் விஷயம் இல்லை. "இந்தப் பிள்ளைங்களுக்கு இது போதும் மேடம்" என்று அதே கூட்டத்தில் சொன்னார்களே, அதுதான். யார் இந்தப் பிள்ளைகள்? பணக்காரக் கல்லூரியில் படிக்கிறவர்களைப் பற்றி இப்படி யாரும் சொல்வார்களா? அங்கே படிக்கிறவர்களுக்கு எல்லாம் புரிய வேண்டும், நம்மிடம் படிக்கிறவர்களுக்குப் பாஸ் ஆனால் போதுமா? 2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு கல்லூரிக்கு வருகிற பெண்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களை வாசல் வரை கொண்டுவர எத்தனை பேர் எத்தனை காலம் உழைத்திருக்கிறார்கள்! உள்ளே வந்த பிறகு நாம் கொடுப்பது ஒரு பொய் மதிப்பெண்ணா? இரக்கம் என்று அதற்குப் பெயர் வைக்காதீர்கள். அந்தப் பிள்ளையால் முடியாது என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள், அவளிடம் சொல்லத்தான் உங்களுக்கு மனம் வரவில்லை.

உண்மையிலேயே அக்கறை இருந்தால் கேட்க வேண்டியவை வேறு. ஆறேழு பேர் ஒரு மைக்ராஸ்கோப்பைச் சுற்றி நிற்கிறார்களே, அதைக் கேளுங்கள். ஆய்வக நேரத்தை வெட்டி வேறு வகுப்புக்குக் கொடுக்கிறார்களே, அதைக் கேளுங்கள். நிரந்தரப் பணியிடத்தை நிரப்பாமல் கௌரவ விரிவுரையாளர்களின் தலையில் ஆண்டுக்கணக்காகப் பாரத்தை ஏற்றுகிறார்களே, அதற்குக் கூட்டம் போடுங்கள், முதல் ஆளாக வருகிறேன். என் பட்டியலில் சிவப்பு வட்டம் போடுவது சுலபம் என்பதால் அதைச் செய்தீர்கள்.

மதிப்பெண்ணை மாற்றச் சொல்கிறவர்கள் எழுத்தில் கொடுக்கட்டும், அவர்களே கையெழுத்துப் போட்டு மாற்றட்டும். நான் மாற்ற மாட்டேன். விதிப்படி இரண்டாம் தேர்வு இருக்கிறது, அதற்கு முன்னால் நானாக ஒரு மறுதேர்வும் வைக்கிறேன். முதல் தேர்வு, மறுதேர்வு இரண்டில் எது அதிகமோ அதை முதல் தேர்வு மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வேன். இதை வகுப்பில் பட்டியல் ஒட்டிய அன்றே சொல்லிவிட்டேன். படம் பிடித்தவர்கள் அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

இதைப் படிக்கிற என் மாணவர்களுக்கு: திங்கள் முதல் வெள்ளி வரை மூன்றரை மணிக்கு ஆய்வகத்தில் இருப்பேன். திருத்திய தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள், கேள்வி கேள்வியாக உட்கார்ந்து பார்ப்போம். பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்பவர்கள் மதிய இடைவேளையில் வரலாம், சாப்பாட்டையும் கொண்டுவந்துவிடுங்கள்.