பேய் விருந்தில் இனிப்பு எதற்கு?

அக்டோபர் பிறந்தால் போதும், என் முகநூல் முழுக்க ஹாலோவீன் தின்பண்டப் படங்கள்தான். எல்லாவற்றின் மேலும் "ஹெல்தி" என்று ஒரு முத்திரை. உள்ளே போய்ப் பார்த்தால் வாழைப்பழத்தை வெள்ளைச் சாக்லேட்டில் முக்கி, சர்க்கரைக் கண் இரண்டு ஒட்டி, பேய் என்று நிறுத்தியிருப்பார்கள். ஆப்பிள் துண்டுக்கு மார்ஷ்மெல்லோவில் பல் வைத்திருப்பார்கள். பழத்தைச் சாக்காக வைத்து மிட்டாய் ஊட்டும் வேலை இது. ஊட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்கு ஏன் ஆரோக்கியம் என்று பெயர் வைக்க வேண்டும்?

என் கட்சி இதுதான்: ஹாலோவீன் அன்று வீட்டு மேசையில் இனிப்பே வேண்டாம். கண்டிப்புக்காகச் சொல்லவில்லை. பிள்ளைகள் பேய் வேஷம் கட்டி வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கி வருகிற நாள் அது. அன்றைக்கு இனிப்பு நாம் கூப்பிடாமலே வீட்டுக்கு வந்து சேரும், அதுவும் பை பையாக. இரண்டிலிருந்து பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்று அமெரிக்க இதய சங்கம் 2016இல் சொன்னது. ஹாலோவீனுக்குக் கொடுக்கிற அந்தச் சின்ன சாக்லேட் ஒன்றிலேயே எட்டு, ஒன்பது கிராம் இருக்கும். மூன்று தின்றால் கணக்கு முடிந்தது. தெருவைச் சுற்றிவிட்டு வருகிற பிள்ளை மூன்றோடு நிறுத்துமா?

இங்கே நியூ ஜெர்சியில் இருக்கிற நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தீபாவளியும் இதே வாரங்களில்தான் வரும். 2024இல் இரண்டும் ஒரே நாளில், அக்டோபர் 31 அன்று வந்தன. ஒரு பக்கம் அதிரசம், மைசூர்பாகு, இன்னொரு பக்கம் சாக்லேட் வாளி. நடுவில் பூசணி வடிவத்தில் ஒரு கப் கேக் வேறு எதற்கு?

அதனால் எங்கள் வீட்டில் விருந்து சாயங்காலம் நாலரைக்கே தொடங்கிவிடும். அக்டோபர் கடைசியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதற்குள் பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு கிளம்பவேண்டும். கிளம்பும் முன் வயிற்றில் உப்பும் புளிப்பும் புரதமும் கொஞ்சம் போயிருந்தால், வழியில் மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரிக்கிற வேகம் தன்னால் குறைகிறது. மேசையின் வேலை அவ்வளவுதான். பயமுறுத்துவதெல்லாம் ஒப்பனை.

அந்த ஒப்பனைக்குப் பெரிய திறமை எதுவும் வேண்டாம். கறுப்பு பீன்ஸை வேகவைத்து, பூண்டு, சீரகம், எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்து மசித்து ஒரு அகலத் தட்டில் பரப்புங்கள். கெட்டித் தயிரை ஜிப் பையில் போட்டு, மூலையில் ஊசிமுனை அளவுக்குக் கத்தரித்து, நடுவிலிருந்து ஒன்றைச் சுற்றி ஒன்றாக வட்டம் போடுங்கள். அப்புறம் பல்குத்தும் குச்சியை நடுவில் வைத்து விளிம்பு வரை ஒரே இழுப்பாக இழுக்கவேண்டும். ஒவ்வொரு வட்டமும் அந்த இடத்தில் கூராக நீண்டு, ஏழெட்டு இழுப்பில் முழுச் சிலந்தி வலை வந்துவிடும். ஒவ்வொரு இழுப்புக்கும் குச்சியைத் துடைப்பது முக்கியம், இல்லாவிட்டால் வலை அழுக்காகிவிடும். தொட்டுக்கொள்ளக் கேரட், வெள்ளரி, குடைமிளகாய். ஆறு வயதுப் பிள்ளையே வலை இழுக்கும். தானே இழுத்த வலையைத் தின்னமாட்டேன் என்று சொன்ன பிள்ளையை நான் இதுவரை பார்க்கவில்லை.

உண்மையில் பேய் விருந்துக்கு நம் சமையலறையைப் போலத் தோதான இடம் வேறு கிடையாது. ராகி இடியாப்பத்தைத் தாளித்து, மேலே கொஞ்சம் மல்லித்தழை தூவி வைத்தால் மண்புழுக் குவியல். எந்த அலங்காரமும் வேண்டாம். கறுப்புக் கவுனி அரிசியும் இட்லி அரிசியும் பாதிக்குப் பாதி, கூட உளுந்து, இரவே ஊறவைத்து அரைத்துப் புளிக்கவிட்டால் மாவு கத்தரிப்பூ நிறத்துக்கு வரும். வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம் சுட்டால் கருஞ்சிவப்பாய் வரும். பக்கத்துக்கு நான்காகக் குடைமிளகாய்க் கீற்று செருகினால் சிலந்தி. டின் லிச்சி ஆசியக் கடைகளில் கிடைக்கும். சர்க்கரைப் பாகை வடித்து நன்றாக அலசிவிட்டு, லிச்சியில் கொட்டை எடுத்த பள்ளத்தில் ஒரு புளுபெர்ரியை வைத்துப் பாருங்கள். வெள்ளை விழி, நீலக் கருவிழி, ஓரத்தில் லேசான ஈரம். பெரியவர்களே கையை இழுத்துக்கொள்வார்கள். இனிப்பே வேண்டாம் என்றாயே என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம், இது பழம்.

பிள்ளைகளிடம் அமோக வரவேற்பு எதற்கு என்றால் வாந்தியெடுக்கும் பூசணிக்குத்தான். அருவருப்பாக இருக்கிறதா? அவர்களுக்கு அதுதான் வேண்டும். சின்னப் பூசணியில் கண், மூக்கு, திறந்த வாய் செதுக்கி, வாயிலிருந்து தட்டு வரைக்கும் குவாக்கமோலியை, அதாவது அவகாடோ மசியலை, வழியவிடவேண்டும். நான் அவகாடோவோடு மல்லிச் சட்னியும் கொஞ்சம் கலப்பேன், பச்சை இன்னும் மோசமாகத் தெரியும். ஊரிலிருந்து வீடியோ காலில் பார்த்த அத்தை, "ஏம்மா, விளக்கு வைக்கிற நேரத்துல இது என்ன கூத்து?" என்றார். நம் ஊரில் கட்டடம் கட்டும்போது பூசணிக்காயில் கோரைப்பல்லும் முழிக்கண்ணும் எழுதித் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடுகிறோமே அத்தை, இதுவும் அதன் சொந்தக்காரன்தான் என்றேன். அயர்லாந்துக்காரர்கள் தங்கள் ஊரில் கெட்ட ஆவியை விரட்ட டர்னிப்பில் முகம் செதுக்கியவர்கள். அமெரிக்காவுக்கு வந்த பிறகு இங்கே விளைந்த பெரிய மஞ்சள் பூசணி அவர்களுக்கு வசதியாகிவிட்டது. அத்தை அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை, சட்னியில் புளி போட்டாயா என்று மட்டும் கேட்டார்.

செதுக்குகிற பூசணியைக் கூட்டு வைக்கலாம் என்று நினைக்கவேண்டாம். இங்கே கடை வாசலில் குவித்திருக்கும் ரகம் பெரும்பாலும் ஹவ்டன், அல்லது அதன் வழி வந்தவை. மாசசூசெட்ஸ் விவசாயி ஜான் ஹவ்டன் செதுக்குவதற்கென்றே 1960களில் உருவாக்கிய ரகம் அது. நாரும் தண்ணீருமாக இருக்கும். சாப்பிட வேண்டுமென்றால் கைக்கடக்கமான சுகர் பூசணியோ கபோச்சா என்கிற ஜப்பானியப் பூசணியோ வாங்குங்கள். ஆனால் செதுக்கும்போது விதையை மட்டும் குப்பையில் போடாதீர்கள். நார் போக அலசி, உப்புத் தண்ணீரில் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, துணியில் ஈரம் ஒற்றி, எண்ணெய், மிளகாய்த்தூள், பெருங்காயம் பிசறி ஓவனில் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் பொரபொரவென்று ஆகும்வரை விட்டால் போதும். மெக்னீசியமும் துத்தநாகமும் நிறைந்த விதை அது. பிள்ளைகளுக்கு முன்னால் அப்பாக்கள் காலி செய்துவிடுவார்கள்.

நிறத்துக்கும் நம் சமையலறையே போதும். கறுப்பு வேண்டுமென்று கரித்தூள் போட்ட ஐஸ்கிரீமும் பன்னும் சில வருஷங்களுக்கு முன் இங்கே பெரிய மோகமாக இருந்தது. கரித்தூள், சாப்பிட்ட மருந்து உடம்பில் சேரவிடாமல் உறிஞ்சிக்கொள்ளும். நியூயார்க் நகரம் 2018இலேயே உணவகங்களில் அதைத் தடுத்துவிட்டது. மிட்டாயில் போடும் சிவப்புச் சாயம் எண் 3க்குக் கொடுத்த அனுமதியையும் 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய அரசு ரத்து செய்தது, உற்பத்தியாளர்கள் மாற்றிக்கொள்ள 2027 வரை தவணை. கவுனியும் பீட்ரூட்டும் இருக்கும்போது நமக்கென்ன? காய்ந்த சங்குப்பூவை வெந்நீரில் போட்டு ஐஸ் கட்டியாக்கி, உப்புப் போட்ட எலுமிச்சை சோடாவில் மிதக்கவிடுங்கள். நீலக் கட்டி கரையக் கரைய புளிப்புப் பட்டு ஊதாவாகிப் பரவும். மந்திரவாதிப் பானம் என்று சொன்னால் நம்பிவிடுவார்கள். புகை வருவதற்காக டம்ளரில் உலர் பனிக்கட்டி (உறையவைத்த கார்பன் டை ஆக்சைடு) போடும் யோசனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். துண்டு வாய்க்குள் போனால் அந்தக் கடுங்குளிரிலேயே உள்ளே எல்லாம் வெந்துபோகும்.

நாலு வயதுக்குக் கீழே பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் லிச்சிக் கண்ணைச் சின்னதாக நறுக்கிக் கொடுங்கள். முழுத் திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீறுங்கள். பாப்கார்னும் வறுத்த விதையும் அவர்கள் கைக்கு எட்டக்கூடாது. தொண்டையில் சிக்கிக்கொள்ளும். ஒவ்வாமை பற்றி நம்மவர்கள் இன்னும் அலட்சியமாகவே இருக்கிறோம். வேர்க்கடலையைக் கேட்பவர்கள்கூட எள்ளைக் கேட்பதில்லை. 2023 ஜனவரியிலிருந்து இங்கே உணவுப் பொட்டலங்களில் கட்டாயம் குறிப்பிடவேண்டிய ஒன்பதாவது ஒவ்வாமைப் பொருள் எள். நாம்தான் நல்லெண்ணெயிலேயே பணியாரம் சுடுகிறோம். ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் என்ன போட்டிருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி வைப்பது பெரிய வேலையா? வாசலில் மயில்நீலப் பூசணி வைத்திருக்கும் வீடுகளில் பொம்மை, ஸ்டிக்கர் மாதிரி தின்ன முடியாத பரிசும் கிடைக்கும். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காகவே செய்வது அது. இந்த வருஷம் நாங்களும் ஒன்று வைக்கிறோம்.

அந்தச் சீட்டில் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், "ஆரோக்கியமானது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். "மண்புழு" என்று எழுதினால் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். "ராகி, நார்ச்சத்து" என்றால் நீங்களும் நானும்தான் உட்கார்ந்து சாப்பிடவேண்டும்.

மறுநாள் மிட்டாய்ப் பையைப் பிடுங்கி ஒளித்து வைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கே சில பல் மருத்துவர்கள் மிட்டாயை எடைக்கு எடை காசு கொடுத்து வாங்கி ராணுவ வீரர்களுக்கு அனுப்புகிறார்கள். நல்ல ஏற்பாடு என்று என் மகளிடம் எடுத்துச் சொன்னேன். பவுண்டுக்கு எவ்வளவு தருவார்கள் என்று விசாரித்தாள். சொன்னேன். கடையில் அந்த விலைக்கு ஒரு பவுண்டு சாக்லேட் வராதே அம்மா என்றாள். தனக்குப் பிடிக்காத தேங்காய் சாக்லேட்டை மட்டும் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறாள், அதை விற்கலாமாம்.